உங்கள் கண்ணில் எத்தனை செல்? மிஷின் சொல்வதும் மனிதர் எண்ணுவதும்!

காலையில் எழுந்ததும் எதிரே நிற்பவர் முகம் புகை மூட்டத்துக்குள் தெரிகிற மாதிரி இருக்கிறதா? பத்து, பதினோரு மணிக்கு மேல் தானாகவே தெளிந்து விடுகிறதா? 'தூக்கக் கலக்கம்', 'வயசாச்சு' என்று சொல்லி விட்டு விடாதீர்கள். வேளாங்கண்ணியில் இருக்கும் என் அத்தை அப்படித்தான் விட்டு விட்டார்.

அத்தைக்கு அறுபத்து நான்கு வயது. மாதா கோயிலுக்குப் போகிற கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. மெழுகுவர்த்தி, மாலை, காணிக்கை செலுத்துவதற்கான தகட்டு உருவங்கள் எல்லாம் கிடைக்கும். கை, கால், தொட்டில், வீடு... கூடவே கண். ஊருக்கெல்லாம் கண் விற்கிற அத்தைக்கு, காலை வியாபாரத்தில் எது ஐம்பது ரூபாய் நோட்டு, எது நூறு ரூபாய் நோட்டு என்று தெரியவில்லை!

"மத்தியானம் ஆனா சரியாப் போயிடுது தம்பி. அப்புறம் எதுக்கு டாக்டரு?" என்பார்.

ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடிகிற திருவிழா வரைக்கும் கடையை விட்டு நகரவே மாட்டேன் என்று விட்டார். அதற்கப்புறம்தான் வெளியூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கண்புரை என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் 'செல் கவுண்ட்' பார்த்தார்கள். மிஷின் துப்பிய காகிதத்தில் 2,412 என்று இருந்தது. "நார்மல்தான்" என்று தேதியும் குறித்துக் கொடுத்தார்கள்.

மனசு கேட்கவில்லை. இன்னொரு டாக்டரிடமும் காட்டி விடலாமே என்று போனோம். அவர் அத்தையிடம் முதலில் கேட்ட கேள்வி, "அம்மா, காலையில மங்கலா இருந்து அப்புறம் தெளியுதா?" அடுத்து அந்தக் காகிதத்தைப் பார்த்துக் கேட்டார்: "இந்த நம்பர் எத்தனை செல்லை எண்ணி வந்ததுன்னு பார்த்தீங்களா?"

பதினான்கு!

மறுபடியும் படம் எடுத்தார்கள். இந்தத் தடவை டெக்னீஷியன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஒவ்வொரு செல்லாகப் புள்ளி வைத்து எழுபத்தொன்று எண்ணினார். வந்த விடை 1,180.

ஒரே கண். ஒரே வாரம். ஒரு காகிதத்தில் 2,412, இன்னொன்றில் 1,180. எதை நம்புவது?

உங்கள் வீட்டிலும் அம்மாவுக்கோ மாமனாருக்கோ நாளைக்குக் கண்புரை ஆபரேஷன் வரலாம். இந்தக் கணக்கைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள்.

கண்ணுக்குள் ஒரு பம்ப்செட்

கண்ணின் முன்பக்கத்தில் கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. அதுதான் கார்னியா. நாம் கருவிழி என்கிறோம். உண்மையில் அதற்கு நிறமே கிடையாது. பின்னால் இருப்பது கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்.

இந்தக் கண்ணாடியின் உள்பக்கச் சுவரில், ஒரே வரிசையாகச் செல்கள் ஒட்டிக் கொண்டிருக்கின்றன. எண்டோதீலியம் என்று பெயர். பெரும்பாலும் ஆறு பக்கம் கொண்டவை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அசல் தேன்கூடு!

இவற்றின் வேலை தண்ணீர் இறைப்பது. கண்ணுக்குள் இருக்கும் திரவம் கார்னியாவுக்குள் கசிந்து கொண்டே இருக்கும். இந்தச் செல்கள் இரவு பகலாக அதை வெளியே தள்ளிக் கொண்டே இருக்கும். டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் தேங்கிய தண்ணீரை வடிய விடாவிட்டால் பயிர் என்ன ஆகும்? அதே கதைதான். தண்ணீர் தங்கினால் கார்னியா உப்பி, மங்கி விடும்.

இரவில் இமை மூடியிருப்பதால் கார்னியாவிலிருந்து ஈரம் ஆவியாகப் போக வழியில்லை. எல்லோருக்குமே தூக்கத்தில் அது லேசாக உப்பத்தான் செய்யும். பம்ப் நன்றாக இருந்தால் கண் விழித்ததும் சரியாகி விடும். பம்ப் தளர்ந்து போனவர்களுக்குத்தான் மத்தியானம் வரைக்கும் இழுக்கும். அத்தையின் 'தூக்கக் கலக்கம்' இதுதான்.

போனால் வராது!

தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளர்கிறது. இந்தச் செல்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பெரியவர்களின் கண்ணுக்குள் இவை மறுபடி பெருகுவதில்லை என்றே சொல்லலாம். ஒரு செல் செத்தால் பக்கத்துச் செல்கள் கொஞ்சம் விரிந்து அந்த இடத்தை அடைத்துக் கொள்ளும். அதனால்தான் எண்ணிக்கை குறையக் குறையச் செல்லின் அளவு பெரிதாகிக் கொண்டே போகிறது.

நடுத்தர வயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 முதல் 3,000 வரை இருக்கும். குழந்தைகளுக்கு இதைவிட அதிகம். வயது ஏறும்போது வருடத்துக்குச் சராசரியாக 0.6 சதவீதம் குறைகிறது. எண்ணிக்கை ஐந்நூறை ஒட்டி இறங்கி விட்டால் கார்னியா நிரந்தரமாக உப்பி விடும் அபாயம் இருக்கிறது.

கண்புரை ஆபரேஷனில், எவ்வளவு கைதேர்ந்த டாக்டர் செய்தாலும், கொஞ்சம் செல்கள் போகத்தான் செய்யும். 2,400 இருப்பவருக்கு அது பெரிய விஷயமில்லை. 1,180 இருப்பவருக்கு அது பெரிய விஷயம். டாக்டர் முன்கூட்டியே தெரிந்து கொண்டால் அதற்கேற்ற மாதிரி ஆபரேஷனையே மாற்றித் திட்டமிடுவார். தெரியாமல் போனால்?

ஆகவே, காகிதத்தில் இருப்பது வெறும் நம்பர் இல்லை!

தொடாமல் எடுக்கும் படம்

தண்ணீரில் சாய்ந்து விழும் வெயில் பளிச்சென்று எதிரொளிக்கிறதே, அந்தத் தத்துவம்தான். கார்னியாவின் உள்பக்கத்தில் ஒளியைச் சாய்வாக விழவைத்து, எதிரொளிக்கிற வெளிச்சத்தில் செல்களைப் பார்க்கலாம் என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்ஃபிரட் ஃபோக்ட் என்ற ஸ்விட்சர்லாந்து டாக்டர் காட்டினார். இதற்கென்றே ஒரு மைக்ராஸ்கோப்பை 1968-ல் டேவிட் மாரிஸ் என்ற விஞ்ஞானி உருவாக்கினார். 1970-களின் நடுவில் அது நோயாளிகளைப் பரிசோதிக்கப் பயன்பாட்டுக்கு வந்தது. ஸ்பெகுலர் மைக்ராஸ்கோப் என்பது அதுதான்.

இப்போதைய மிஷின்களில் பெரும்பாலானவை கண்ணைத் தொடுவதே இல்லை. தாடையை வைத்து, புள்ளி வெளிச்சத்தைப் பார்த்தால் போதும். வலியில்லை, ஊசியில்லை. சில விநாடிகளில் படம், நம்பர் எல்லாம் வந்து விடும்.

ஐந்துக்கு ஐந்தில் ஒரு ஊர்

இங்கேதான் ஒரு சூட்சுமம். கார்னியாவின் உள்பரப்பு நூறு சதுர மில்லிமீட்டருக்கு மேல். மிஷின் படம் எடுப்பதோ சுமாராக ஒரு சதுர மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதாவது, ஆயிரத்தில் ஒரு பங்கு இடத்தைப் பார்த்து மொத்தத்துக்கும் கணக்குச் சொல்கிறது.

பயிர்க் காப்பீட்டுக்கு அறுவடைப் பரிசோதனை செய்ய அதிகாரிகள் வருவார்களே, நினைவிருக்கிறதா? ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, எடை போட்டு, ஊர் விளைச்சலைக் கணக்கிடுவார்கள். கயிறு எங்கே விழுகிறது என்பதுதான் எல்லாம்! நன்றாக விளைந்த மூலையில் விழுந்தால், மீதி வயல் தண்ணீரில் அழுகிக் கிடந்தாலும் ஊர் அமோகமாக விளைந்ததாகத்தான் கணக்கு வரும்.

கண்ணிலும் அப்படியே.

கையால் எண்ணுவது எப்படி?

பழைய முறை சுலபமானது. படத்தின் மேல் அளவு தெரிந்த ஒரு கட்டத்தைப் போட வேண்டியது. உள்ளே இருக்கும் செல்களை எண்ண வேண்டியது. கோட்டில் வெட்டுப்படும் செல்களை என்ன செய்வது? இரண்டு பக்கக் கோட்டில் இருப்பவற்றைச் சேர்த்து, மற்ற இரண்டு பக்கத்தை விட்டு விடுவார்கள். உதாரணத்துக்கு, 0.2 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் நூறு செல் இருந்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2,500.

இன்னொரு முறையில், ஒட்டியிருக்கும் செல்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஆள் ஒரு புள்ளி வைத்துக் கொண்டே போவார். கம்ப்யூட்டர் அந்தப் புள்ளிகளை வைத்துப் பரப்பைக் கணக்கிடும். அத்தைக்குச் செய்தது இதுதான். முக்கால் நூறு, முடிந்தால் நூறு செல்லாவது எண்ண வேண்டும் என்பார்கள்.

இதில் குறை? நேரம் ஆகும். கண் வலிக்கும். ஐம்பது படம் எண்ணிக் களைத்த டெக்னீஷியனும், காலையில் புதிதாக வந்தவரும் ஒரே படத்துக்கு ஒரே விடை சொல்ல மாட்டார்கள். தெளிவான இடமாகப் பார்த்துக் கட்டத்தை வைக்கும் ஆசை மனிதருக்கும் உண்டு!

மிஷின் எங்கே ஜெயிக்கிறது, எங்கே தடுமாறுகிறது?

ஆரோக்கியமான கண், தெளிவான படம் என்றால் மிஷினைக் குறை சொல்ல முடியாது. செல்லுக்குச் செல் இருக்கும் எல்லைக் கோட்டை அதுவே கண்டுபிடிக்கும். ஒரே படத்தை எத்தனை தடவை கொடுத்தாலும் ஒரே விடைதான். களைப்பில்லை. அந்த மாதிரிக் கண்ணில் மிஷின் கணக்கும் கைக் கணக்கும் பெரிதாக மாறுபடுவதில்லை.

பிரச்னை, சீக்குக் கண்ணில்தான். அதாவது, கணக்கு யாருக்கு ரொம்ப முக்கியமோ அவர்களிடத்தில்!

அத்தைக்கு இருப்பது ஃபூக்ஸ் டிஸ்ட்ரஃபி என்ற நோய். இது உள்ளவர்களின் எண்டோதீலியத்துக்கு அடியில் சின்னச் சின்ன மேடுகள் கிளம்பும். படத்தில் அவை கறுப்பு ஓட்டைகளாகத் தெரியும். அந்த இடத்தில் செல் எல்லையே தெரியாது. மிஷின் என்ன செய்யும்?

ஒன்று, ஓட்டைகளைத் தவிர்த்து இடையிடையே தெளிவாகத் தெரிகிற நாலைந்து செல்களை மட்டும் பொறுக்கிக் கணக்குப் போடும். நல்லா விளைந்த மூலையில் கயிறு கட்டின கதை! இரண்டு, பெரிய செல்லின் நடுவில் ஓடும் ஏதோ ஒரு மங்கல் கோட்டை எல்லை என்று நினைத்து, ஒரு செல்லை இரண்டாக, மூன்றாகப் பிளந்து விடும். எண்ணிக்கை ஏறிவிடும். மூன்று, படம் மங்கலாக இருந்தால் இரண்டு செல்லை ஒன்றாகச் சேர்த்தும் விடும். அப்போது எண்ணிக்கை இறங்கும்.

செல் குறைந்த கண்களில், யாரும் திருத்தாமல் விட்ட மிஷின் கணக்கு உள்ளதைவிடக் கூடுதலாகச் சொல்லிவிடும் பழக்கம் ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. 'கெட்டதை நல்லதாகக் காட்டும்' தப்பு என்பதால், இதுதான் ஆபத்தான தப்பு.

இன்னொன்றும் கவனியுங்கள். நூறு செல்லில் ஒன்றைத் தப்பாக எண்ணினால் ஒரு சதவீதம்தான் பிசகு. பதினான்கில் ஒன்று தப்பினால் ஏழு சதவீதம்!

"மிஷின் பொய் சொல்லலைங்க. அது பார்த்ததைச் சொல்லுச்சு. அது எதைப் பார்த்ததுன்னு நாமதான் பார்த்திருக்கணும்" என்றார் அத்தையின் டாக்டர்.

இருவர் எண்ணி, மூன்றாமவர் தீர்ப்பு

இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறார்கள்? அமெரிக்காவில் 'கார்னியா டோனர் ஸ்டடி' என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வயதானவர்கள் தானம் செய்த கார்னியா, இளையவர்கள் தானம் செய்ததைப் போல உழைக்குமா என்பது கேள்வி. 2000-ஆம் ஆண்டிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து வருடக்கணக்கில் கவனித்தார்கள். அதன் ஒரு பகுதியாகச் செல் படங்களை ஒரே மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியாக எண்ண வேண்டும். வித்தியாசம் அதிகமாக இருந்தால் மூன்றாமவர் பார்க்க வேண்டும். ஒரு நம்பருக்கு அவ்வளவு கெடுபிடி!

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு பேஷண்ட்டுக்கும் மூன்று பேரை உட்கார வைக்க முடியாதுதான். அதனால் நடுவழி ஒன்று இருக்கிறது. மிஷின் கோடு போடட்டும். பயிற்சி பெற்ற ஒருவர் படத்தைப் பார்த்து, தப்புக் கோட்டை அழித்து, விட்டுப்போன கோட்டைப் போடட்டும். ஏ.ஐ. என்கிற செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இப்போது சீக்குக் கண்ணின் படத்தையும் முன்னைவிட நன்றாகப் படிக்கின்றன. ஆனாலும், கோட்டைப் போட்டது எதுவாக இருந்தாலும் படத்தை ஒரு மனிதக் கண் பார்த்தே ஆக வேண்டும்.

தானக் கண்ணிலும் இதே கணக்கு

கதிர் அறுக்கும்போதும் நெல் தூற்றும்போதும் உமியோ தாளோ கண்ணில் பட்டுப் புண்ணாகி, பார்வை போனவர்களை டெல்டாவில் பார்த்திருப்பீர்கள். மதுரையில் 1994-ன் முதல் மூன்று மாதங்களில் கார்னியாப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்ததில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு முதலில் கண்ணில் அடிபட்டிருந்தது தெரிந்தது. புண் ஆறினாலும் தழும்பு வெள்ளையாக நின்று விடும். பலருக்கு வேறொருவர் தானம் செய்த கார்னியாதான் வழி.

1945-லேயே சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் இந்தியாவின் முதல் கண் வங்கி தொடங்கியது. இன்று கண் வங்கிகளில், வந்து சேரும் ஒவ்வொரு கார்னியாவிலும் செல்லை எண்ணிப் பார்க்கிறார்கள். பார்வைக்காகப் பொருத்துவதற்குப் பொதுவாக 2,000-க்கு மேல் எதிர்பார்ப்பார்கள். கூட எண்ணினால், சீக்கிரம் மங்கப் போகிற கார்னியா ஒருவருக்குப் போய்ச் சேரும். குறைத்து எண்ணினால், ஒரு குடும்பம் துக்கத்துக்கு நடுவிலும் மனமுவந்து கொடுத்த கண் பயன்படாமல் போகும். இரண்டுமே நஷ்டம்.

அத்தைக்கு என்ன ஆயிற்று?

1,180 என்று தெரிந்ததும் டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "புரை இன்னும் கெட்டியாகுறதுக்குள்ள எடுத்துடலாம். கெட்டியானா உடைக்க அதிக நேரம் பிடிக்கும், செல்லும் அதிகமா போகும்" என்றார். செல்களுக்குப் பாதுகாப்பாகப் பூசும் ஜெல்லைத் தாராளமாகப் பயன்படுத்துவதாகச் சொன்னார். பின்னாளில் கார்னியா உப்பிப் போனால் உள்படலத்தை மட்டும் மாற்றி வைக்கும் ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டு விட்டு, "முன்னாடியே சொல்லிட்டீங்கல்ல டாக்டர், அது போதும்" என்றார்.

ஆபரேஷன் முடிந்து தெளிவாகத் தெரிய மற்றவர்களைவிடக் கூடுதல் நாளானது. பயமாகத்தான் இருந்தது. ஆனால், ஏன் தாமதமாகிறது என்று முன்னாலேயே தெரிந்திருந்ததால் யாரும் யார் மேலும் பழி போடவில்லை. காலை மங்கல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு டாக்டர் உப்புச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். (உப்புத் தண்ணீர்தானே என்று கடல் தண்ணீரையோ, வீட்டில் கரைத்த உப்பையோ கண்ணில் விட்டுவிடாதீர்கள்! அது வேறு, இது வேறு.) அடுத்த கண்ணுக்கு இன்னும் அவசரமில்லை. வருடம் ஒரு தடவை செல் எண்ணிப் பார்க்கிறார்கள்.

இப்போது கடையில் நோட்டைச் சரியாக எண்ணி வாங்கிப் போட்டுக் கொள்கிறார்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் இதையெல்லாம் பாருங்கள்

* 'சி.டி.' என்று இருப்பது ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை செல் என்ற கணக்கு. அதை மட்டும் பார்த்து நிம்மதியாகி விடாதீர்கள்.

* 'நம்பர்' அல்லது 'என்.யூ.எம்.' என்று இருப்பது, எண்ணப்பட்ட செல்கள் எத்தனை என்பது. எழுபத்தைந்து, நூறு என்றால் நல்லது. பத்து, இருபது என்றால், "மறுபடி படம் எடுத்துக் கையால் எண்ணிப் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

* 'சி.வி.' என்பது செல்களின் அளவு எவ்வளவு தாறுமாறாக இருக்கிறது என்பதைச் சொல்லும். நாற்பதைத் தாண்டினால் டாக்டர் உஷாராவார். 'ஹெக்ஸ்' என்பது ஆறு பக்கச் செல்கள் எத்தனை சதவீதம் என்பது. ஐம்பதுக்குக் கீழே போனால் நல்ல அறிகுறி அல்ல.

* நம்பரோடு படத்தையும் கேட்டு வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். தேன்கூடு தெளிவாகத் தெரிகிறதா, கறுப்பு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று டாக்டரைக் காட்டச் சொல்லுங்கள்.

* அடுத்த வருடம் பார்க்கும்போது முடிந்தவரை அதே மிஷினில், அதே முறையில் பாருங்கள். ஒரு தடவை மிஷின் கணக்கு, மறுதடவை கைக் கணக்கு என்றால், குறைந்தது செல்லா, கணக்கா என்று தெரியாது.

* காலை மங்கல், குடும்பத்தில் யாருக்காவது கார்னியா நோய், முன்பு கண்ணில் அடிபட்டது, பல வருடமாகக் கான்டாக்ட் லென்ஸ் போடுவது: இவை இருந்தால் டாக்டர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லி விடுங்கள்.

டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக் கொள்வாரோ என்று தயங்குகிறீர்களா? நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். 'எத்தனை செல்லை எண்ணினீங்க டாக்டர்?' என்று கேட்க அரை நிமிஷம் கூட ஆகாது. அந்த அரை நிமிஷம்தான் எங்கள் அத்தையின் கண்ணைக் காப்பாற்றியது!